வலது கன்னம்

இது கதையல்ல. எனக்கு நடந்தது. நம்பாதவர்கள் என் மனைவியைக் கேட்டுப் பார்க்கலாம்.

புவனோஸ் அயர்ஸ், 1891 ஜனவரி. பூமியின் தென்பாதியில் அது உச்சக் கோடை. லராசாபால் குடும்பத்து மாளிகை. பனியே விழாத ஊரில், பனி வழுக்கி விழுவதற்கென்று பாரிஸ் மாதிரி சாய்கூரை! உள்ளே பழைய பிரெஞ்சு ராஜாக்கள் காலத்தைக் காப்பியடித்த நாற்காலிகள். சிப்பியும் சுருளுமாகத் தங்கச் சட்டம் போட்ட ஆளுயரக் கண்ணாடி. பார்த்தாலே எனக்குத் திகட்டும். ஆனால் அதற்கெல்லாம் தங்க ரேக்கு, அதாவது ஊதினால் பறக்கும் தங்கத் தாள், ஒட்டுவதுதான் என் பிழைப்பு.

அந்தக் கண்ணாடிச் சட்டத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடத்தில் மட்டும் தங்கம் நிற்கவில்லை. சனிக்கிழமை அந்த வீட்டு மகளுக்கு நிச்சயதார்த்தம். அதற்குள் முடித்தால் வீடு முழுக்க வேலை எனக்குத்தான். ஜெனோவாவிலிருந்து என் மனைவி தெரேசினாவை வரவழைத்துவிடலாம். அவள் முகத்தைப் பார்த்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

வியாழன், மதியம் 2.10. வீடே தூங்கியது. காற்றில் ரேக்கு பறந்துவிடும் என்று கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தேன். ரேக்கை எடுக்கும் முன் பிரஷைக் கன்னத்தில் ஒருமுறை தேய்ப்பது எங்கள் பழக்கம். தோலின் எண்ணெய்ப்பசை இருந்தால்தான் ரேக்கு பிரஷில் ஏறும். நான் எப்போதும் இடது கன்னத்தில்தான் தேய்ப்பேன்.

மூன்று முறை ஒட்டினேன். மூன்று முறையும் உரிந்து விழுந்தது. ரேக்குக்கு அடியில் நான் புதிதாகப் பூசிய சுண்ணத்தின் வழியே ஏதோ கசிந்தது. மஞ்சளாக... பிசுபிசுவென்று. முகர்ந்தேன். கெட்டுப்போன கொழுப்பு வாடை.

2.35. பிரஷை எடுத்தேன். கன்னத்துக்குக் கொண்டுபோகவே இல்லை. அதற்குள் பிரஷ் நுனியில் ஈரம்.

சர்ர்... சவரம் செய்யாத கன்னத்தில் பிரஷ் தேயும் சத்தம். என் காதோரம்.

என் வலது கன்னத்தில் ஏதோ பட்டது. சில்லென்று. கொழகொழவென்று...

இன்னொரு கன்னம்.

கண்ணாடியில் நான் மட்டும்தான் இருந்தேன்.

கை தானாக ரேக்கை எடுத்து ஒட்டியது.

இந்த முறை தங்கம் நின்றது.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. தெரேசினாவை நினைத்துக்கொண்டேன். அந்த அழுகல் என் கன்னத்தோடு ஒட்டியிருக்க, மீதி ஒன்பது ரேக்குத் துண்டுகளையும் ஒட்டி முடித்தேன். 3.20-க்கு வெளியே வந்து வாந்தி எடுத்தேன்.

வேலைக்காரி ஹஸிந்தா தண்ணீர் கொடுத்தாள். உள்ளே போய்ச் சட்டத்தைப் பார்த்தாள். சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, பிறகுதான் சொன்னாள். ஆறு வருடத்துக்கு முன், இதே ஜனவரியில், இதே வேலைக்கு அன்செல்மோ என்பவன் வந்திருக்கிறான். அவனும் எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு உள்ளே இருந்திருக்கிறான். அன்று வேலைக்காரர்களோடு குடும்பமே பண்ணைக்குக் கிளம்பியது. ஆள் போய்விட்டான் என்று எண்ணி அறையை வெளியே பூட்டிவிட்டார்கள். ஜன்னலெல்லாம் இரும்புக் கம்பி. மார்ச்சில்தான் திறந்தார்கள்.

"வலது கன்னத்தைச் சட்டத்துல சாய்ச்சபடியே கெடந்தான் தம்பி. பிய்ச்சுத்தான் எடுத்தாங்க."

"சட்டத்தைத் தூக்கிப் போடலையா?"

"எப்படிப் போடுவாங்க? பாரிஸ்ல இருந்து வந்ததாச்சே."

ஜூனில் தெரேசினா கப்பலிலிருந்து இறங்கினாள். ஓடி வந்து என் வலது கன்னத்தில் முத்தமிட்டாள். சட்டென்று விலகி, புறங்கையால் உதட்டை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"மொகத்தைக் கழுவிட்டு வரக்கூடாதா? ஒரே கொழுப்பு நாத்தம்."

ஐந்து மாதமாகத் தினமும் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டுதான் இருந்தேன்.