பின்சுவரில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி

அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் நம் வீடு தேடி வந்திருக்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் அவருடைய தங்கையின் வணக்கம். இந்த நினைவுமலரின் அட்டைப்படத்தில் அமைதியாக அமர்ந்திருப்பவரைக் கண்டு ஏமாந்துவிடாதீர்கள். படம் எடுப்பவர் கெஞ்சியதால் உட்கார்ந்தார். அடுத்த நொடியே எழுந்துவிட்டார்.

கோலியனூரில் உழவர் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்தவர் அக்கா. அம்மாவை இளமையிலேயே இழந்தோம். எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியவரும், தம் படிப்பை அதற்காக நிறுத்திக்கொண்டவரும் அவரே. விழுப்புரத்தில் வாழ்க்கைப்பட்டு, அத்தானின் மறைவுக்குப் பின் ரவிக்கை தைத்து ஒரே மகனை ஆளாக்கினார். தையல் எந்திரத்தின் முன்னும் பாதிநேரம் நின்றுகொண்டிருப்பார். வெளியே யாரோ கூப்பிட்டதாக அவருக்கு மட்டும் கேட்கும்.

மகனுக்கு மணமாகி, திண்டிவனத்திலிருந்து சுமதி மருமகளாக வந்து சில ஆண்டுகள் கழிந்தபின் அந்தத் தவிப்புக்கு ஒரு முகவரி கிடைத்தது. மின்மீட்டரை வாசல்பக்கம் மாற்றியபோது, அது இருந்த பழைய மரப்பெட்டி தோட்டத்துப் பின்சுவரிலேயே தங்கிவிட்டது. அதன் முகப்பு ஓட்டை வழியே ஒரு சோடிக் குண்டுக்கரிச்சான் குருவிகள் புகுந்து கூடு கட்டின. ஓட்டை பெரிது. சுருக்கினால் குருவி அஞ்சிப் போய்விடும் என்று அக்கா அதைத் தொடவில்லை. மாறாக, கையில் கோலுடன் தாமே காவல் நின்றார். காக்கையைவிட அவருக்குச் செண்பகத்தின் மேல்தான் அச்சம். கூட்டில் தலைவிட்டுக் குஞ்சைத் தின்னும் பறவை அது.

"செண்பகத்த வெரட்டாதீங்கக்கா, பாத்தா நல்ல சகுனம்" என்பார் பக்கத்து வீட்டு அம்மாள்.

"சகுனம் நல்லாத்தான் இருக்குது. அதும் புத்தி நல்லா இல்லியே" என்பார் அக்கா.

குருவி முட்டையிட்டிருந்த வேளையில், அடுப்பங்கரையை நீட்டுவதற்காகப் பின்சுவரை இடிக்க மகன் ஏற்பாடு செய்துவிட்டார். மேஸ்திரி சம்மட்டியோடு வந்து நின்றார்.

"செவுத்துல கை வெக்காதீங்க மேஸ்திரி. வூட்ல புள்ளத்தாச்சி இருக்குது" என்றார் அக்கா.

"இன்னாம்மா, முன்னாடியே சொல்லக்கூடாதா? நல்ல சேதி. நா பொறவு வர்றேன்" என்று மேஸ்திரி சம்மட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

கருவுற்றவள் இருக்கும் வீட்டை இடிப்பதில்லை என்பது நம் பக்கத்து வழக்கம். அக்கா சொன்னது குருவியை. மேஸ்திரி எடுத்துக்கொண்டது சுமதியை. அவருக்கு அடுத்த வேலை திண்டிவனத்தில், சுமதியின் தாய்வீட்டுத் தெருவிலேயே அமைந்தது.

அந்த வாரமே பழத்தட்டும் பூவுமாகச் சம்பந்தி அம்மாள் பேருந்தில் வந்து இறங்கினார்.

"ஏண்டி, மேஸ்திரி வாயால கேட்டுதான் நா தெரிஞ்சிக்கணுமா? பெத்தவகிட்ட சொன்னா கண்ணு பட்டுடுமா?"

"இன்னாத்த சொல்லணும்?" என்று சுமதி விழித்தாள்.

தோட்டத்திலிருந்து கோலோடு வந்த அக்காவுக்கு நிலைமை உடனே விளங்கிவிட்டது. "சொன்னது நான்தாங்க சம்பந்தி. கூடு கட்டியிருக்கிற குருவிய நெனச்சி சொன்னேன். இந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது."

சம்பந்தி அம்மாள் தட்டைத் தரையில் வைத்தார். "இத்தினி வருசமா எம்பொண்ணு ஊரு வாயில வுழுந்து கெடக்குது. அந்த வார்த்த ஒங்களுக்குக் குருவிக்கா கெடச்சிது?"

சுமதி அன்றே தாயோடு புறப்பட்டுப் போனாள்.

விடுமுறைக்கு நான் சென்றபோது குஞ்சுகள் பொரித்திருந்தன. அக்கா அழைத்தால் சுமதி தொலைபேசியை எடுப்பதில்லை. அக்கா பின்சுவருக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

"கொஞ்சம் குந்துக்கா, பாக்கிற எனக்கே தல சுத்துது" என்றேன்.

"நா குந்திக்கினா அந்தப் புள்ள வந்துடுமா?"

மறுநாள் காலை கோலைச் சுவரில் சாத்திவிட்டுப் புடைவை மாற்றி வந்தார். "நீயும் வா, திண்டிவனம் போலாம்."

"பெட்டிய யாருக்கா பாத்துக்கிறது?"

"பேசாத வா. ஜல்தியா கெளம்பு."

திண்டிவனத்து வீட்டில் உறவினர் சிலரும் இருந்தனர். நாற்காலி போட்டார்கள், அக்கா உட்காரவில்லை. "தப்பு என் வாயில. அத்த ஒத்துக்கினு போவத்தான் வந்தேன். இன்னொண்ணும் சொல்றேன். 'விசேஷம் உண்டா'ன்னு இனிமே இவள எங்க வூட்ல யாரும் கேக்கக்கூடாது. கேட்டா அவுங்களுக்கு அங்க சோறு கெடையாது. எங்கூடப் பொறந்தவளா இருந்தாலும் சரி."

சுமதி எழுந்து அக்காவின் அருகே வந்தாள். "பெட்டிகிட்ட யாரு நிக்கிறா அத்தே?" என்றாள்.

"யாரும் இல்ல."

"குஞ்சு பொரிச்சிட்டுதுன்னு அவரு சொன்னாரே. வுட்டுட்டா வந்தீங்க?"

உள்ளே போனவள் பையோடு வந்தாள். மூவரும் விழுப்புரம் பேருந்தில் ஏறினோம். பேருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றபோது அக்காவின் கை முன்னிருக்கைக் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தது.

பெட்டியின் ஓட்டையில் கூட்டுநார் பிய்ந்து தொங்கியது. உள்ளே ஒன்றும் இல்லை. தாய்க்குருவி வாயில் புழுவோடு துணிக்கொடியில் உட்கார்ந்திருந்தது. அக்கா அசையாமல் நின்று நான் கண்டது அன்றுதான். சுமதி, சிதறிய நார்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். இருவரும் ஒருவரையொருவர் குறைகூறவில்லை.

பின்சுவர் இடிபடவில்லை; அடுப்பங்கரை பக்கவாட்டில் நீண்டது. அடுத்த கோடையில் குருவிகள் திரும்பியபோது காவலுக்கு இருவர் இருந்தனர். அதன்பின் பல குஞ்சுகள் அந்தப் பெட்டியிலிருந்து பறந்தன.

நோயுற்ற இறுதி மாதங்களில் படுக்கை அக்காவுக்குப் பெருந்தண்டனையாக இருந்தது. எழத் துடித்தவரை ஏந்தி நடத்தியவை சுமதியின் கைகள். அவளுக்கும், வேளைதவறாது வந்து கவனித்த மருத்துவர், செவிலியர்க்கும், கஞ்சி காய்ச்சித் தந்த பக்கத்து வீட்டு அம்மாளுக்கும், பாடை சுமந்த தெருவினர்க்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இதையெல்லாம் எழுதலாமா என்று சுமதியிடமே கேட்டேன். "எழுதுங்க சின்னத்தே. படிச்சாவது கேக்காம இருப்பாங்க" என்றாள்.

ஆகவே, அன்புடையீர், இன்று அவளைக் காணும்போது நலம் கேளுங்கள். குருவிகளைப் பற்றிக் கேளுங்கள். அந்த ஒன்றை மட்டும் கேட்காதீர்கள். அக்கா இல்லை என்று எண்ணிவிடவும் வேண்டாம். பந்தியில் சோறு பரிமாறப்போவது நான்தான்.