ஒப்பித்த எழுத்துகள்

சாரல் விழுகிற நாட்களில் எங்கள் ஒன்பதாம் வகுப்பறையில், நனைந்த தாவணிகள் உடம்புச் சூட்டிலேயே காய்கிற ஒரு புழுங்கல் வாசனை இருக்கும். கரும்பலகை நமுத்துப்போய் சாக்பீஸ் பிடிக்காமல் வழுக்கும். எழுதிய எழுத்து இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவுக்கு மங்கித் தெரியும். மலைப் பக்கமிருந்து காற்று அடிப்பதால் ஜன்னல்களைச் சாத்திவிடுவார்கள். கரண்டும் போய்விட்டால் பகல் பதினொரு மணிக்கே அறை இருட்டிவிடும். வெளியே தென்காசி ரோட்டில், குற்றாலத்துக்குப் போகிற வேன்கள் பாட்டுச் சத்தத்தோடு கடந்துபோகும். எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் நனைவதற்கென்றே வந்து இறங்கிய அந்தச் சீசனில்தான் முத்துப்பேச்சியின் படிப்புக்கு முடிவு ஆரம்பமானது. முடித்துவைத்தவர்களில் நானும் ஒருத்தி.

நாங்கள் இரண்டு பேரும் கீழப்பாவூரிலிருந்து ஒரே டவுன் பஸ்ஸில் பள்ளிக்கு வருகிறவர்கள். அவள் அப்பாவுக்கு ஊரில் வயலும் தோட்டமும் இருந்தன. அண்ணன்கள் இரண்டு பேரும் போலீஸ் வேலைக்காக விடியற்காலையில் ஓடிப் பழகிக்கொண்டிருந்தார்கள். என் அப்பா ரேஷன் கடையில் எடை போடுகிறவர். ஏழாம் வகுப்பு வரையில் எங்கள் வகுப்பில் எப்போதும் பேச்சிதான் முதல் ரேங்க், நான் இரண்டாவது. அவள் விழுந்து விழுந்து படித்து நான் பார்த்ததில்லை. டீச்சர் ஒரு தடவை சொன்னால் போதும், அப்படியே மனதில் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முழுப் பாடத்தையும் சொல்லுவாள். எனக்குப் பொறாமையாக இருக்கும். ஆனால் அவளை விட்டால் எனக்கும் வேறு ஆள் கிடையாது.

எட்டாம் வகுப்பின் பாதியில் அவள் கரும்பலகையைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் நோட்டைப் பார்த்து எழுத ஆரம்பித்தாள். முதலில் சோம்பல் என்று நினைத்தேன். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில், வந்து நிற்கிற பஸ்ஸின் போர்டைப் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டே ஏறினாள். "ஏட்டி, உனக்குக் கண்ணு தெரியலையா?" என்று கேட்டேன். அவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் காதோடு சொன்னாள்: "தூரத்துல உள்ளது ஒண்ணும் தெரியலட்டி. ஆருட்டயும் சொல்லிராத. எங்கக்காவுக்குக் கண்ணாடி போட்ட பெறவு, பொண்ணு பாக்க வந்தவிய 'சோடாபுட்டி'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாவ. அடுத்தவளுக்கும் கண்ணாடின்னா எங்க அப்பா வெட்டிப் போட்டிருவாரு."

நான் சத்தியம் செய்து கொடுத்தேன். அவளைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் அப்போது நினைத்தேன். அந்த அரைப் பரீட்சையில் நான் முதல் ரேங்க் வாங்கினேன். வீட்டில் அப்பா லாலா கடை அல்வா வாங்கி வந்தார்.

ஒன்பதாம் வகுப்பில் கணக்கு டீச்சர்தான் எங்கள் வகுப்பு டீச்சர். நெட்டையான மனுஷி. சனிக்கிழமைகளில்கூடத் தானாக வந்து பாடம் எடுப்பார். பள்ளி வாசலில் ஒவ்வொரு வருடத்துப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியையும் பெயிண்டில் எழுதிவைத்த பலகை ஒன்று உண்டு. அதில் தன் பாடத்தில் நூறு என்று எழுதவைப்பது அவருக்கு உயிர். அதற்காக மாதாமாதம் டெஸ்ட் வைத்து, மதிப்பெண் வரிசைப்படி பெஞ்சை மாற்றுவார். நன்றாகப் படிக்கிறவர்கள் முன்னால், படிக்காதவர்கள் பின்னால். கடைசி பெஞ்சுக்கு "குப்பைத்தொட்டி" என்று அவரே பெயர் வைத்திருந்தார். ஜூன் மாத டெஸ்ட்டில் பேச்சி மூன்றாவது பெஞ்சுக்குப் போனாள். கண் தெரியாதவளை இன்னும் இரண்டு பெஞ்ச் பின்னால் தள்ளினால் அடுத்த டெஸ்ட்டில் என்ன ஆகும் என்பது அந்த வகுப்பில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஜூலையில் கண் ஆஸ்பத்திரிக்காரர்கள் வேனில் வந்தார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் ரூமுக்குப் பக்கத்து அறையில் எழுத்து அட்டையை மாட்டி, கோடு போட்டு, ஒவ்வொருத்தியாக நிற்கவைத்து வாசிக்கச் சொன்னார்கள். வராந்தாவில் வரிசையில் நின்ற பேச்சி என் தாவணியைப் பிடித்து இழுத்தாள். என் பெயர் அவளுக்கு முன்னால் வரும். "நீ போயி அந்த எழுத்தப் பூராவும் மனசுல வச்சுக்கிட்டு வந்து எனக்குச் சொல்லிரு" என்று கெஞ்சினாள். நான் உள்ளே போய் வாசித்தேன். வாசித்து முடித்ததும் அடுத்தவளைக் கூப்பிடப் போகிறவள்போல வாசலில் நின்று, உள்ளங்கையில் பேனாவால் ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டேன். மாடிப்படிக்குக் கீழே போய் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. பேச்சிக்கு இரண்டு தடவை சொன்னால் போதுமே.

அவள் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு ஒப்பித்தாள். இடது கண்ணைப் பொத்திக்கொண்டு ஒப்பித்தாள். கடைசி வரியைக்கூட விடவில்லை. அட்டைக்குப் பக்கத்தில் குச்சியோடு நின்றவர், "பாப்பாவுக்குப் பருந்துக் கண்ணு" என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொல்லி அனுப்பினார். அன்று சாயங்காலம் பஸ்ஸில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தோம்.

அந்தச் சிரிப்புக்கு ஒரு வாரம்தான் ஆயுசு. ஜூலை டெஸ்ட்டில் பேச்சிக்குக் கணக்கில் பதினெட்டு மதிப்பெண். டீச்சர் அவளை எழுப்பி நிறுத்தினார். கையில் கண் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பட்டியல் இருந்தது. "முந்தி ஃபர்ஸ்ட் வந்தவளாச்சே, கண்ணுல எதுவும் கோளாறோன்னு நானும் நெனச்சேன். கண்ணு பிரமாதமா இருக்குன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. அப்போ கோளாறு கொழுப்புலதான் இருக்கு." பிறகு என் பக்கம் திரும்பினார். "கலாவதி, நீ சொல்லு. போன வருஷம் இவ உன்னப் பாத்துத்தான எழுதுனா?"

ஒரு வார்த்தை. "அவளுக்குப் போர்டு தெரியாது டீச்சர்" என்கிற ஒரு வாக்கியம் நாக்கில்தான் இருந்தது. செய்துகொடுத்த சத்தியமும் நினைவுக்கு வந்தது. எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று தெரிந்தால் முதல் பெஞ்சிலிருந்து எனக்கும் இடம் போய்விடும் என்பதும் நினைவுக்கு வந்தது. எது முதலில் வந்தது என்று இன்றைக்கு வரைக்கும் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

"ஆமா டீச்சர்" என்றேன்.

பேச்சி அன்றைக்கே குப்பைத்தொட்டிக்குப் போனாள். அதோடு டீச்சர் விடவில்லை. தினமும் ஒரு கணக்கைப் பலகையில் எழுதிவிட்டு, "பருந்துக் கண்ணு, எந்திரிச்சு வாசி" என்பார். பேச்சி எழுந்து நின்று, முந்தின நாள் டீச்சர் சொல்லிப் போட்ட கணக்கை ஞாபகத்திலிருந்து எடுத்துச் சொல்லுவாள். சில நாள் இரண்டு நாளைக்கு முந்தைய கணக்கைச் சொல்லுவாள். ஒரு எண்கூடத் தப்பாது. ஆனால் பலகையில் இருப்பது வேறாக இருக்கும். வகுப்பு முழுக்கச் சிரிக்கும். டீச்சருக்கு அவள் வேண்டுமென்றே திமிர்பிடித்து ஆடுகிறாள் என்று தோன்றியது. ஸ்கேலின் விளிம்பால் விரல் முட்டியில் அடித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் என்னையும் சேர்த்துப் பார்ப்பார்களோ என்று பயம். பஸ்ஸில் அவள் என்னோடு உட்காருவதை நிறுத்திக்கொண்டாள். டிரைவருக்குப் பின்னால் போய்த் தனியாக நின்றுகொண்டாள். எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது.

முழுப் பரீட்சையில் அவள் கணக்கிலும் அறிவியலிலும் ஃபெயில். அப்படி ஃபெயிலானவர்களின் அப்பாமாரைக் கூப்பிட்டு, பத்தாம் வகுப்பு ரிசல்ட் கெட்டுவிடும் என்று சொல்லி, "சொந்த விருப்பத்தின் பேரில்" டி.சி. வாங்கிக்கொள்வதாகக் கையெழுத்து வாங்குவது அங்கே வழக்கம். நான் ரேங்க் கார்டு வாங்கப் போன அன்று பேச்சியும் அவள் அப்பாவும் ஹெட்மிஸ்ட்ரஸ் ரூமிலிருந்து வெளியே வந்தார்கள். வராந்தாவின் அந்தக் கோடியில் வைத்து அவர் அவளை ஓங்கி அறைந்தார். "மூதி, நாலு பேரு முன்னால என் தலையக் குனிய வச்சிட்டியே. போதும் நீ படிச்சுக் கிழிச்சது" என்று அவர் கத்தியது பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது. பேச்சி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற பக்கம் பார்த்தாள். அந்தத் தூரத்தில் நிற்பது யார் என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. அது எனக்குத் தெரியும். அதனால்தான் முகத்தைத் திருப்பாமல் நிற்க முடிந்தது.

இப்போது நான் திருநெல்வேலியில் ஒரு வங்கியில் அதிகாரி. அந்தப் பள்ளியில் பெஞ்ச் மாற்றுவதெல்லாம் ஒழிந்துவிட்டது. கரும்பலகைக்குப் பதிலாகப் பெரிய திரை மாட்டியிருக்கிறார்கள். ஓட்டு வகுப்பறைகளை இடித்துவிட்டு மூன்று மாடி கட்டியிருக்கிறார்கள். வாசலில் இருந்த தேர்ச்சிப் பலகையைக்கூடக் காணவில்லை.

போன சீசனில் ஐந்தருவிக்கு நான் தனியாகப் போயிருந்தபோது, "கலாவதிதான?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. தடித்த கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்து மாட்டிக்கொண்டு பேச்சி நின்றாள். பக்கத்தில் ஏழெட்டு வயதில் ஒரு பெண் பிள்ளை, அதுவும் கண்ணாடி போட்டிருந்தது. வீரகேரளம்புதூரில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள், மாப்பிள்ளை போலீஸ். கல்யாணமான புதிதில் அவர் தெருவின் அந்தப் பக்கம் நின்று கையாட்டியும் இவள் பேசாமல் இருந்தாளாம். மறுநாளே கூட்டிக்கொண்டு போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்துவிட்டார். "ஒரே நாள் சோலிட்டி. எதிர் வீட்டு ஆச்சி தெனமும் என்னப் பாத்துச் சிரிச்சிருக்காவ. நான் திரும்பிச் சிரிக்கலன்னு திமிருபிடிச்சவளாம்னு தெருவே சொல்லியிருக்கு" என்று சிரித்தாள். தனியாகப் பத்தாவது எழுதினாளாம். கணக்கில் எழுபத்தெட்டு. "அதுக்குள்ள இவ வயித்துல வந்துட்டா. பெறவு ஆரு படிக்க விடுதா?"

பிறகு அவள் கேட்டாள்: "ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லு. அன்னைக்கு டீச்சர் கேக்கையில, எனக்காவ வாயப் பொத்துனியா? இல்ல, உன் ரேங்குக்காவயா?"

"நீதான சொல்லாதன்னு…" என்று ஆரம்பித்தேன்.

"நான்தான் சொன்னேன். பதிமூணு வயசுல சொன்னேன். நான் கேட்டது அது இல்ல."

அந்தக் கண்ணாடிக்குள்ளிருந்து அவள் கண்கள் என் முகத்தை விட்டு அகலவில்லை. பொய் சொல்லலாம் என்றுதான் இருந்தேன், முடியவில்லை. "ரேங்குக்காவத்தான் இருக்கும் பேச்சி" என்றேன்.

அவள் கோபப்படவில்லை, அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். மகளின் தலையைத் துவட்டிவிட்டு, "அம்மா கூடப் படிச்சவங்க, வணக்கம் சொல்லு" என்றாள். அது கை குவித்தது. பேச்சி என்னைப் பார்த்து, "அப்ப நாங்க வாறோம். நீங்க போயிக் குளிங்க, கூட்டம் கொறஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு படியேறிப் போனாள்.