மணிக்கு ஒரு சொட்டு

மாடிப்படியில் படர்ந்திருந்த கொடியை வெட்டும்படி தையற்காரி தன் கணவரிடம் சொல்லாத நாளில்லை. கடைசியில் அதன் காய்ந்த நுனி அவளுடைய வலது கண்ணைப் பதம் பார்த்தது. கண் சிவந்தபோதும் அவர் அசையவில்லை. தன் கண் அரிப்புக்கு வாங்கி மிச்சம் வைத்திருந்த சொட்டு மருந்தை எடுத்து நீட்டினார்.

"இதுக்குப் போய் டாக்டரா? எனக்கு ரெண்டே நாள்ல கேட்டுச்சு."

முதலில் சிவப்பு குறைந்த மாதிரிதான் இருந்தது. பிறகு கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்து பரவியது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. அவளுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான்.

"இதுவரைக்கும் என்ன மருந்து போட்டீங்க?" என்று கேட்டார் கண் மருத்துவர்.

"ஒண்ணுமே போடலை டாக்டர்" என்று கணவர் முந்திக்கொண்டார்.

தையற்காரி வாயைத் திறக்கவில்லை, பையைத் திறந்தாள். அந்தக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இதுல ஸ்டீராய்டு இருக்கு. உள்ள இருக்கிறது பூஞ்சையா இருந்தா, அதுக்கு விருந்து வெச்ச மாதிரிதான்."

மரத்துப்போக மருந்து விட்டு, புண்ணை மெல்லிய பிளேடால் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தார் மருத்துவர். கிளைவிட்ட இழைகள் தெரிந்தன. பூஞ்சைதான். எந்த வகை என்பது ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்த பிறகு தெரிந்தது. செடிகொடிகளில் இருப்பது, மனிதர் கண்ணில் அபூர்வமாம்.

"மருந்து பால் மாதிரி இருக்கும். நல்லாக் குலுக்கி, மணிக்கு ஒரு சொட்டு. ராத்திரியும் போடணும். போடாம விட்டா பார்வை போயிடும்மா. வீட்ல யார் போடுவாங்க?"

"இவர்தான்" என்றாள் அவள்.

குடிக்கும் தண்ணீரைக்கூட உட்கார்ந்த இடத்துக்கு வரவழைக்கும் மனிதர், மணிக்கொருமுறை "ஏங்க" என்ற குரலுக்கு எழுந்து வந்தார். அவர் தினமும் ஆடப்போகும் கேரம் மன்றம் கனவாகிப் போனது.

"என்னப்பா, நர்ஸ் வேலைக்குச் சேர்ந்துட்டியா?" என்று கூட்டாளிகள் வாசலில் நின்று கேட்டார்கள். அவர் பல்லைக் கடித்தார். அவளுக்குக் காது குளிர்ந்தது.

வாரங்கள் போயின. புண் ஆறியது. மெல்லிய தழும்பு மிஞ்சினாலும் ஊசியின் காது தெரிந்தது. பூஞ்சை மருந்தை நிறுத்திவிட்டு, கண் உலராமலிருக்க வேறொரு சொட்டு மருந்தைக் கொடுத்தார் மருத்துவர். வேண்டும்போது போட்டுக்கொண்டால் போதும். கணவர் வெளியே காத்திருந்தார்.

"என்ன சொன்னார்?"

"மருந்தை மாத்திட்டார்."

"எத்தனை வேளை? அடுத்த வாரம் கேரம் போட்டி இருக்கு."

கொடியும் குப்பியும் 'ஒண்ணுமே போடலை'யும் அவள் நினைவில் ஒருமுறை வந்து போயின.

"மணிக்கு ஒண்ணு. ராத்திரியும்."

வீட்டுக்கு வந்ததும், தண்ணீர்போலத் தெளிந்திருந்த அந்த மருந்தை அவர் பழக்கதோஷத்தில் நன்றாகக் குலுக்கினார். குலுக்கட்டும் என்று அவள் நிதானமாகத் தலையை அண்ணாந்தாள்.