ஃபுசாயே வீட்டுக்குள் கொண்டுவந்த மரம்

ஃபுசாயே முப்பத்தோரு வருடம் ஜப்பானில் ஓமியா ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைத்தவள். நானூறு பிள்ளைகளுக்கு சூப் வைத்தாலும் உப்பு ஒரு நாளும் பிசகியதில்லை. அப்பேர்ப்பட்ட கையைத்தான் அவள் கணவர் டெட்சுஜி தன் போன்சாய் பக்கம் அண்டவே விட்டதில்லை.

தொட்டியில் வளர்த்த, இரண்டு சாண் உயர ஜூனிபர் மரம் அது. எங்கள் போன்சாய் சங்கத்தில் அதைப்போல ஒரு மரம் யாரிடமும் கிடையாது. எனக்கு அதன்மேல் வயிற்றெரிச்சல்கூட உண்டு, மறைப்பானேன்?

ஜனவரியில் டெட்சுஜி போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரியில் மனைவியிடம் கடைசியாகக் கேட்டது ஒன்றுதான். மரத்தைப் பார்த்துக்கொள் என்றார். முப்பது வருடம் தொட விடாமல் வைத்திருந்துவிட்டு!

எரித்த சாம்பல் கலசத்தில் வீட்டுக்கு வந்தது. நாற்பத்தொன்பதாம் நாள் கல்லறையில் வைக்கும்வரை ஆள் வீட்டில்தான் இருப்பார் என்பது எங்கள் கணக்கு. ஃபுசாயே தினமும் காலையில் அவர் படத்துக்கு முன்னால் மணியைத் தட்டி, "மரம் நல்லா இருக்குங்க, கவலப்படாதீங்க" என்று சொல்லிவந்தாள்.

முப்பதாம் நாள் அவளிடமிருந்து எனக்குப் போன் வந்தது.

"குராமோச்சி சான், இலையெல்லாம் ஒரு மாதிரி சாம்பல் பூத்தாப்ல இருக்கு. ஒரு எட்டு வந்து பாருங்களேன்."

போனேன். ஹீட்டர் ஓடும் அறையில், கலசத்துக்குப் பக்கத்தில் மரம் இருந்தது. மண்ணில் விரலை விட்டேன், சொதசொதவென்று உள்ளே போனது. தொட்டியிலிருந்து எடுத்தால் வேர் கறுத்து நாறியது. நகத்தால் பட்டையைக் கீறினேன். பச்சை தெரிய வேண்டிய இடமெல்லாம் பழுப்பு.

"வெளிய பால்கனியிலதான இருக்கும்? ஏன் உள்ள கொண்டாந்தீங்க?"

"சாகற வரைக்கும் குளிருது குளிருதுன்னு நடுங்கின மனுஷன். அவரு மரத்த எப்படிங்க பனியில விடறது?" என்றாள். "தினமும் அவருக்கு வெக்கறப்போ இதுக்கும் தண்ணி வெச்சேன். பொழைக்குமா?"

ஒரே ஒரு கிளைக்குக் கீழே, விரலகலத்துக்குப் பட்டைக்கு உள்ளே பச்சை இருந்தது. அந்தப் பச்சையைத்தான் நம்பினேன். அழுகிய வேரை வெட்டி, கழுவி, தண்ணீர் தேங்காத பொடிக்கல்லில் நட்டு, காற்றுப் படாத நிழலில் பால்கனியில் வைத்தேன்.

"தண்ணிய கொறைங்க. பாக்கலாம்."

"பத்தொம்பது நாள்தான் இருக்கு. அவரு கெளம்பறதுக்குள்ள துளுத்துடணும். பொய் சொல்லி அவர அனுப்பி வெக்க முடியாது."

ஒருநாள் விட்டு ஒருநாள் போய்ப் பார்த்தேன். எதுவும் துளிர்க்கவில்லை. நாற்பத்தொன்பதாம் நாள் காலையில், சடங்கு செய்யும் பிக்கு வருவதற்கு முன்பே போய், அந்த விரலகலப் பட்டையைக் கீறினேன். பழுப்பு.

"போயிடுச்சு" என்றேன். வேறு எப்படிச் சொல்ல?

கறுப்பு உடையில் நின்றிருந்தாள். "எலை இன்னும் பச்சையாதான இருக்கு?"

"ஜூனிபர் அப்படித்தான். செத்து ரெண்டு மாசம்கூட பச்சையா நிக்கும்."

"அப்ப எப்ப செத்துது?"

"நீங்க போன் பண்றப்பவே முக்காவாசி போயிடுச்சு. உள்ள கொண்டாந்த மொத வாரமே வெளிய எடுத்திருந்தா பொழைச்சிருக்கும்."

ஏன் அதைச் சொன்னேனோ. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"மொத வாரம்தான அவருக்குச் சடங்கு நடந்துச்சு? சங்கத்துலேருந்து நீங்க ஆறு பேரும் வந்தீங்க. ஊதுபத்தி ஏத்தினீங்க. மரம் கலசத்துக்குப் பக்கத்துலயேதான இருந்துச்சு?"

இருந்தது. குனிந்து வணங்கியபோது ஆறு பேரும் பார்த்தோம். அது வீட்டுக்குள் நிற்காது என்று ஆறு பேருக்கும் தெரியும். துக்க வீட்டில் போய்க் குறை சொல்வதா என்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பினோம். எவ்வளவு மரியாதைக்காரர்கள் நாங்கள்! முப்பதாம் நாள், புதிதாகப் பார்ப்பவன்போல ஏன் உள்ளே கொண்டுவந்தீர்கள் என்று கேட்டவனும் நான்தான்.

"பாத்தீங்கல்ல?"

"பாத்தோம்."

வாசலில் மணி அடித்தது. பிக்கு வந்துவிட்டார். ஃபுசாயே படத்துக்கு முன்னால் கிடந்த, தான் உட்காரும் சிறு மெத்தையை என் பக்கம் தள்ளினாள்.

"கெளம்பப் போறாரு. அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க."

மண்டியிட்டு உட்கார்ந்தேன். டெட்சுஜி படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். மணியைத் தட்டினேன். அதன் சத்தம் அடங்கியதும் இன்னொரு தடவை தட்டினேன்.