ஆட்டம் முடியக் கூடாத பிற்பகல்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று பத்துக்கு என் மகன் அசையாமல் நின்றுவிட்டான்.

என் போன் திரையில் நின்றது, துப்பாக்கிச் சண்டை ஆட்டத்தில் அவனுடைய உருவம். சாம்பல் நிறச் சட்டை, முதுகில் பை, கையில் துப்பாக்கி. மஞ்சள் சுவர் வீட்டின் வாசலுக்கு வெளியே, யாரும் சுடக்கூடிய திறந்த வெளியில் நின்றது. அவன் இருந்தது கொழும்பில், ஒரு வீட்டின் மேல்மாடி வாடகை அறையில். நான் இருந்தது பதுளைக்கும் அப்புத்தளைக்கும் நடுவே, தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டின் சமையலறை ஜன்னலோரத்தில்.

"என்னடா தம்பி நிக்கிற? உள்ள வா, சுட்டுருவானுங்க" என்றேன். உருவம் நின்ற இடத்திலேயே நின்றது.

நான் உடனே செய்தது ஜன்னலுக்கு வெளியே பார்த்தது. எங்கள் மலையில் மூன்று மணிக்கு மேல் பனி இறங்கும். பனி இறங்கினால் சிக்னல் போகும். பேசிக்கொண்டிருக்கும்போது ஆள் உறைந்துபோனால் இங்கே யாரும் பயப்படுவதில்லை. "பனி எறங்கிருச்சு" என்று சொல்லிவிட்டு, போனைத் தூக்கிக்கொண்டு மேடான இடத்துக்கு ஏறுவோம். அன்றும் தேயிலைச் சரிவு பாதிவரை வெள்ளையாகியிருந்தது. நான் என் உருவத்தை அந்த மஞ்சள் வீட்டுக்குள் ஒரு மூலையில் குந்தவைத்துவிட்டு, பின்பக்கத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறினேன். போகிற வழியில் கொடியில் கிடந்த துணியைக்கூட எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். அந்தத் துணியை எடுத்த நேரத்தை இப்போதும் எண்ணிப் பார்க்கிறேன்.

நான் எப்படி இந்த ஆட்டத்துக்குள் வந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். பதுளையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கிறேன். துப்பாக்கி எனக்குப் பிடித்த பொருள் இல்லை. என் இளமைக் காலத்தில் பஸ்ஸை மறித்து அடையாள அட்டை கேட்டவர்களின் தோளில் அதைப் பார்த்திருக்கிறேன். அப்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மடியைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். ஆனால் மகன் கொழும்புக்கு வேலைக்குப் போன பிறகு, தொலைபேசியில் அவனிடமிருந்து வந்தது "ம்" மட்டும்தான். சாப்பிட்டியா, ம். மழையா, ம். தீபாவளிக்கு வந்திருந்தபோது அவன் அறைக்கு வெளியே நின்று கேட்டேன், யாருடனோ சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். ஆட்டத்துக்குள் அவன் வாயாடி. அங்கேதான் இருக்கிறான் என்றால் நானும் அங்கே போக வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

அவனே என் போனில் போட்டுக் கொடுத்தான். அதன்பின் ஞாயிறுதோறும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவனும் நானும், அவன் வேலை செய்யும் இடத்து நண்பன் ஒருவனுமாக மூன்று பேர். நண்பன் சிங்களப் பையன், தமிழ் பேசுவான். என்னை ஆன்ட்டி என்பான். "ஆன்ட்டி சுட்டா காக்கா மட்டும் செத்துப்போகும்" என்று சிரிப்பான். என் கணவர் தோட்டத்து ஆபீசில் இருப்பவர். அவருக்கு இது பெரிய வேடிக்கை. "ஊர்ல அம்மாமாரு கோயிலுக்குப் போறாங்க, நம்ம வீட்டம்மா சண்டைக்குப் போறாங்க" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார்.

மகன் எனக்கு ஒரு துப்பாக்கியைத்தான் பழக்கினான். தொடர்ந்து சுடக்கூடிய ரைபிள், அதன் மேல் நாலு மடங்கு பெரிதாகக் காட்டும் ஸ்கோப். "இது ரெண்டுங்கெட்டான் மா. கிட்டயும் சுடலாம், தூரத்துலயும் சுடலாம். ஆனா பொறுமை இல்லாதவங்க கையில ரெண்டுக்கும் ஆகாது." விரலை அழுத்திக்கொண்டே இருந்தால் துப்பாக்கி உதைத்து, குறி மேலே மேலே ஏறிவிடும். அதனால் இரண்டு மூன்று தோட்டா, விரலை எடு, மறுபடி இரண்டு மூன்று. சுடும்போதே மற்ற விரலால் திரையை மெல்லக் கீழே இழுக்க வேண்டும். நடந்துகொண்டு சுடக் கூடாது, குந்திக்கொண்டு சுட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, "ஸ்கோப்புக்குள்ளயே குடியிருக்காதீங்க மா. பாருங்க, சுடுங்க, வெளிய வந்துருங்க. உள்ளயே இருந்தா பக்கத்துல வர்றவன் தெரியமாட்டான்."

நான் செத்தாலும் அவன் செத்தாலும் பேச்சு நிற்காது. எங்கள் மூவரில் ஒருவர் உயிரோடு இருக்கும்வரை எல்லோருடைய குரலும் எல்லோருக்கும் கேட்கும். பலமுறை அவன் விழுந்த பிறகு நான் தனியாக ஓடிக்கொண்டிருக்க, காதுக்குள் அவன் கத்திக்கொண்டே இருப்பான். கடைசி ஆளும் விழுந்தால்தான் ஆட்டம் முடியும், குரலும் அறுபடும்.

தொட்டியின் மேல் சிக்னல் நன்றாக இருந்தது. அவன் அப்படியே நின்றான். அப்போதுதான் காதில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. அவன் அறையின் பழைய விசிறி, சுற்றுக்கு ஒருமுறை கிரீச்சென்னும். ஒழுங்கையில் ஓர் ஆட்டோ ஹோர்ன் அடித்துப் போனதும் கேட்டது. சிக்னல் போயிருந்தால் இதெல்லாம் கேட்டிருக்காது. அந்தச் சத்தங்களுக்கு அடியில் இன்னொன்று இருந்தது. மூச்சு. மூக்கடைத்த குழந்தை தூங்குவதுபோல இழுத்து, நின்று, மறுபடி இழுக்கும் மூச்சு.

"தம்பி" என்றேன். "தம்பி, டேய்."

"ஆன்ட்டி, மச்சான் டொய்லெட் போயிருப்பான்" என்றான் நண்பன். அவன் வேறொரு கட்டடத்தின் கூரையில் இருந்தான்.

"இல்லப்பா. இங்கதான் இருக்கான். மூச்சு விடுறான். கேளு."

அவனும் கேட்டான். பிறகு அவன் குரலில் இருந்த விளையாட்டு போய்விட்டது.

"ஆன்ட்டி… அவனுக்குக் காய்ச்சல். மூணு நாளா வேலைக்கு வரல்ல. அம்மாகிட்டச் சொல்ல வேணாம்னு சொன்னான்."

மழை மாதம். கொழும்பு. மூன்று நாள் காய்ச்சல். எங்கள் அலுவலகத்தில் டெங்கு எச்சரிக்கைத் துண்டுப்பிரசுரத்தைத் தமிழில் ஆக்கியவளே நான்தான். அதில் "மயக்கம்" என்று நான் எழுதிய வரி எந்த இடத்தில் வரும் என்பதுகூட நினைவுக்கு வந்தது.

"அவன் கீழ் வீட்டுக்காரம்மாவக் கூப்பிட முடியுமா?"

"அவங்க ஞாயித்துக்கிழமை இல்ல, மகள் வீட்டுக்குப் போறது. நான் போறேன் ஆன்ட்டி. பைக்ல போறேன். அம்புலன்சுக்கும் கோல் பண்றேன். நீங்க கேம விட்டுப் போக வேணாம். அவன் காதுல ஹெட்செட் இருக்கு, நீங்க பேசினா கேக்கும். பேசிட்டே இருங்க."

அவனுடைய உருவம் கூரையில் இருந்து மறைந்தது. அவன் எண் என்னிடம் இல்லை, என் எண் அவனிடம் இல்லை. அதைக் கேட்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. கணவர் கோயில் கூட்டத்துக்குப் போயிருந்தார். கையில் இருந்தது ஒரு போன், அதில் ஒரு மூச்சு.

ஆட்டத்தை விட்டு வெளியே வந்து யாரையாவது அழைக்கலாம். அழைத்தால் மூச்சு கேட்காது. திறந்த வெளியில் நிற்கும் அவன் உருவம் அதிக நேரம் பிழைக்காது; அதன்பின் நானும் செத்தால் மூச்சு கேட்காது. ஆகவே நான் சாகக் கூடாது. இதைவிடத் தெளிவாக நான் வாழ்க்கையில் எதையும் நினைத்ததில்லை.

தொட்டியின் மேலேயே உட்கார்ந்தேன். ஆட்டத்தில் மஞ்சள் வீட்டின் மாடிக்கு ஏறி, ஜன்னலுக்குக் கீழே குந்தினேன். கீழே வாசலில் அவன் நிற்பது தெரிந்தது. அவனிடம் பேசத் தொடங்கினேன். என்ன பேசுவது என்று தெரியாமல், கண்ணில் பட்டதைச் சொன்னேன், கிரிக்கெட் வர்ணனை போல.

"தம்பி, எடது பக்கம் புல்லுக்குள்ள ஒருத்தன் இருக்கான்டா. ஒன்னத்தான் பாக்குறான்."

ஸ்கோப்பை ஏற்றினேன். புல்லுக்குள் இருந்தவனின் தலை பெரிதாகத் தெரிந்தது. விரலை அழுத்தினேன், விடவில்லை. துப்பாக்கி உதைத்து, தோட்டா எல்லாம் வானத்துக்குப் போயிற்று. அதற்குள் அவன் சுட்டான். என் மகனின் உருவத்தில் பாதி உயிர் குறைந்தது.

"அய்யோ, பட்டுருச்சுடா."

மூச்சு நின்றது. நானும் மூச்சை நிறுத்தினேன். பிறகு காதுக்குள், வாய் உலர்ந்த குரல், யாரோ போல: "கீழ… இழுங்க மா."

அழுதேனா என்று தெரியாது. திரை கலங்கியது, துணியால் துடைத்தேன். இரண்டு தோட்டா, விட்டேன். மூன்று தோட்டா, விரலைக் கீழே இழுத்துக்கொண்டே. புல்லுக்குள் இருந்தவன் விழுந்தான்.

"விழுந்துட்டான்டா தம்பி! ஒங்கம்மா சுட்டுட்டேன்! கேக்குதா? சொல்லு, இன்னொரு தடவ சொல்லு."

மூச்சு மட்டும் திரும்பியது, முன்பைவிட மேலோட்டமாக. நான் ஸ்கோப்பிலிருந்து வெளியே வந்தேன். வந்ததால்தான் படிக்கட்டில் காலடி கேட்டது. மேலே ஏறி வந்தவனைப் படிக்கட்டின் உச்சியிலேயே, குறி பார்க்காமல், அவ்வளவு கிட்டத்தில் சுட்டேன். வீட்டில் பல்லியைக்கூட விரட்டத் தெரியாதவள்.

அதற்குள் ஓர் அறிவிப்பு வந்தது. இந்த ஆட்டத்தில் ஆடுகளம் வட்டமாகச் சுருங்கிக்கொண்டே வரும், வட்டத்துக்கு வெளியே நிற்பவர்கள் மெல்ல மெல்லச் செத்துப்போவார்கள். புது வட்டத்துக்குள் மஞ்சள் வீடு இல்லை. நான் ஓட வேண்டும். அவனால் ஓட முடியாது.

அது வெறும் படம் என்று எனக்குத் தெரியும். கணக்கும் தெரியும், நான் பிழைத்தால்தான் அவன் குரல் பிழைக்கும். ஆனாலும் அந்த வாசலில் நின்றவனைக் கடந்து போக விரல் வரவில்லை. அவன் முன்னால் ஒருமுறை நின்றேன். முகத்தில் ஒன்றும் இல்லை, ஆட்டத்து முகங்கள் அப்படித்தான். "தம்பி, அம்மா போகல. இங்கதான் பேசிக்கிட்டே இருக்கேன், என்னா? கேட்டுக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு ஓடினேன். பாதி மேட்டில் இருக்கும்போது அவன் விழுந்துவிட்டதாகத் திரை சொன்னது. பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்புக் குறி. காதில் விசிறி கிரீச்சென்றது. மூச்சு இருந்தது.

மேட்டில் ஒரு பாறைக்குப் பின்னால் படுத்தேன். ஊரில் நிஜப் பனி தொட்டிவரை வந்து என் கைகளை நனைத்துக்கொண்டிருந்தது. என்ன பேசினேன் என்பது முழுவதும் நினைவில்லை. அவன் சின்ன வயதில் மலைரயிலில் வாந்தி எடுத்ததைச் சொன்னேன். காய்ச்சலை மறைத்ததற்குத் திட்டினேன். "ஒனக்குக் கஞ்சி வச்சுக் குடுக்க ஆளில்லையாடா அங்க? ஒரு வார்த்தை சொன்னா எறங்கி வந்திருக்க மாட்டேனா?" தூரத்தில் யார் யாரோ யார் யாரையோ சுட்டுக்கொண்டார்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் நானும் இன்னொருவனும் மட்டும்.

ஸ்கோப்பில் அவனைக் கண்டுபிடித்தேன். ஒரு மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தான். அசையாத ஆள், திறந்த முதுகு, குறிக்கோடு நடு முதுகில். ஒரு ஞாயிறுகூட எனக்கு இப்படி ஒரு வாய்ப்பு வந்ததில்லை. இரண்டு தோட்டா போதும். விரல் அழுத்தப் போய்விட்டது.

நல்லவேளை, அப்போது நினைவு வந்தது. இவனைச் சுட்டால் நான் ஜெயித்துவிடுவேன். ஜெயித்தாலும் ஆட்டம் முடியும்.

விரலை எடுத்தேன். குறியை அவன்மேலேயே வைத்துக்கொண்டேன். அவன் எழுந்தால் நானும் கொஞ்சம் நகர்ந்தேன். அவன் சுற்றிப் பார்த்தால் பாறைக்குள் ஒடுங்கினேன். அவனுக்கு நான் எங்கே என்று தெரியவில்லை. எனக்கு அவனைத் தெரிந்தது, அவனை ஒன்றும் செய்ய முடியவில்லை. யாரென்று தெரியாத அந்தப் பிள்ளையிடம் மனதுக்குள் கெஞ்சினேன். கண்ணு, திரும்பாதே. கொஞ்ச நேரம் அப்படியே இரு. வட்டம் மறுபடி சுருங்கத் தொடங்கியது. மகனின் மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் இடைவெளி நீளுவதுபோல் இருந்தது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. "தம்பி, இழு. மூச்ச இழு. விடு. இழு."

மரத்தடியில் இருந்தவன் எழுந்து, என் பக்கமாக நடக்கத் தொடங்கினான்.

அப்போது கதவு தட்டும் சத்தம். என் வீட்டுக் கதவா என்று தொட்டியிலிருந்து எட்டிப் பார்த்தேன். இல்லை, காதுக்குள். யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். மோதும் சத்தம், மறுபடி மோதும் சத்தம், மரம் பிளந்தது. சிங்களத்தில் இரண்டு மூன்று குரல்கள், கீழே யாரையோ வாகனத்தைப் பின்னால் எடுக்கச் சொன்னார்கள். அப்புறம் மிக அருகில், மூச்சிரைக்க, நண்பனின் குரல்.

"ஆன்ட்டி, நான் வந்துட்டேன். தலையில கொஞ்சம் காயம், மேசையில அடிச்சது போல. கண்ண தொறந்து பாக்குது, என்ன யாருன்னு தெரியுது. அம்புலன்ஸ் ஆள் வந்தாச்சு. ஆன்ட்டி, ஹெட்செட்ட இப்பக் கழட்டணும், நாங்க தூக்கப்போறது. உங்க நம்பர சொல்லுங்க, மெதுவா சொல்லுங்க."