வெயிலில் அடித்த வைக்கோல்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன்; எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆத்தூர் வெற்றிலையைக் கிள்ளும்போது எழும் கார வாசனை மூக்கில் ஏறினால், வாய் நிறைய அதை அடக்கிக்கொண்டு, பேச முடியாமல் விழி பிதுங்க உட்கார்ந்திருந்த என் அப்பாவின் முகம்தான் இன்றும் எனக்கு முதலில் தெரிகிறது.

நாற்பதுகளில் தூத்துக்குடியில் பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி வரமாட்டா. ஆழம் போதாமல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். பஞ்சுப் பொதியும் உப்பு மூட்டையும் தோணியில்தான் போகும். அப்படியொரு தோணியை நடத்தும் "தண்டல்" என் அப்பா. கப்பலில் வெள்ளைக்காரர்கள் சொல்லும் பழமொழிகளை ஆசையாகப் பொறுக்கிவந்து, அறுந்த கயிறுகளை முடிச்சுப் போடுவது போல, ஒன்றின் தலையையும் இன்னொன்றின் வாலையும் சேர்த்து முடிந்துவிடுவார். இரும்பு சூடாக இருக்கும்போதே அடி என்று அவர்களிடம் ஒன்று உண்டாம். வெயில் காயும்போதே வைக்கோலை உலர்த்து என்று வேறொன்று. அப்பா வாயில் அவை "சன் ஷைனிங், பீட் தி ஹே" என்று ஒன்றாகிவிட்டன: வெயில் காயும்போதே வைக்கோலை அடி. வெற்றிலை கொண்டுவரும் ஆத்தூர் விவசாயி அர்த்தம் கேட்டு, "வெள்ளக்காரனும் நம்மள மாதிரிதான் களத்துல வைக்கோலப் போட்டுச் சூடடிக்கான் போல, அண்ணாச்சி" என்று ஒப்புக்கொண்ட பிறகு, அப்பாவை யாராலும் திருத்த முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அக்காவைப் பெண் பார்க்கப் புன்னைக்காயலிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை துறைமுக ஆபீசில் குமாஸ்தா, நன்றாகப் படித்தவர். ஆனால் முடிவு அவரை வளர்த்த பெரியப்பா கையில். கொழும்பில் கடை வைத்திருந்து திரும்பிய மனிதர். முன்பு வந்த வரன்களுக்கெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்ட அக்கா, இந்த முறை கேட்காமலே சேலைக்குக் கஞ்சி போட்டு வைத்திருந்தாள். அம்மாவுக்கு அது போதும்.

"இந்தா பாருங்க, அவுக படிச்சவுக. ஒங்க இங்கிலீசு ஒண்ணு வெளிய வந்துச்சோ, சம்மந்தம் கடலோட போயிரும்" என்று சொல்லி, தன் கையாலேயே அப்பா வாயில் வெற்றிலையைத் திணித்தாள்.

அப்பாவும் தலையை ஆட்டியே காலத்தை ஓட்டினார். பலகாரம் முடிந்தது. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "பொண்ணு நல்ல பொண்ணுதான். கோயில் திருநாள் கழியட்டும், யோசிச்சுச் சொல்லுதோம்" என்றார்.

எங்கள் பக்கம் "யோசிச்சுச் சொல்லுதோம்" என்றால் வேண்டாம் என்று அர்த்தம். கதவுக்குப் பின்னால் அக்காவின் வளையல் சத்தம் நின்றுபோனது. அப்பா எழுந்து முற்றத்தில் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"சார், சன் ஷைனிங், பீட் தி ஹே."

எழப்போன பெரியப்பா மறுபடி உட்கார்ந்தார். பிறகு துண்டை மடியில் வைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்: "எஸ். பட், ஆல் ரோட்ஸ் நாட் கோயிங் ரோம் ஒன் டே."

ரோம் ஒரே நாளில் கட்டப்படவில்லை என்பதும், எல்லாச் சாலையும் ரோமுக்கே போகும் என்பதும் அவர் கடையில் ஒன்றாகியிருந்தன. ரோம் என்ற சொல் காதில் விழுந்ததும், பேச்சு போப்பாண்டவர் வரைக்கும் போய்விட்டதென்று அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். அப்பா முகம் மலர்ந்து, முட்டையும் கல்லும் கூடையும் குருவியும் கலந்த ஒன்றை எடுத்துவிட்டார். பதிலுக்குப் பெரியப்பா ஒரு குதிரைப் பழமொழியோடு வந்தார். காபி ஆறியது.

அதுவரை குனிந்திருந்த மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்துவிட்டார். பெரியப்பா முறைத்தார். "ஏலே, பெரியவுக பேசும்போது என்னலே சிரிப்பு?"

மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒண்ணுமில்ல பெரியப்பா. இந்த இங்கிலீச நீங்க ரெண்டு பேருந்தான் பேசுதிய. வேற எங்க போயி சம்மந்தம் தேடப்போறிய?"

கதவுக்குப் பின்னால் வளையல் மறுபடி குலுங்கியது. பெரியப்பா யோசித்தார், இந்த முறை உண்மையாகவே யோசித்தார். "வெத்தலயக் கொண்டாங்க, மாத்திக்கிடுவோம்" என்றார்.

இப்போது புதுத் துறைமுகத்தில் கப்பல்கள் கரையோடு அணைந்து நிற்கின்றன. அப்பாவும் இல்லை, அந்தப் பெரியப்பாவும் இல்லை. இரண்டு சம்பந்திகளும் வாயாரப் பேசிய அந்த இங்கிலீஷைப் பேச ஆளில்லை. எங்கள் பிள்ளைகள் பேசுவது சரியான இங்கிலீஷ், அதில் சிரிக்க ஒன்றுமில்லை. அத்தான் ஏதாவது காரியத்தைத் தள்ளிப்போட்டால் மட்டும் அக்கா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்: "வைக்கோல அடிங்க."

நானும் இதை எழுத வேண்டுமென்று வருடக்கணக்காகத் தள்ளிப்போட்டேன். ஒருவழியாக எழுதி முடித்தது, வெயிலே காணாத ஓர் ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை.