மீராசாஹிபு வாயைப் பணயம் வைத்த மலை

பாலமுனை மீராசாஹிபு பொய் சொல்லுவார் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அவர் உண்மையைக் கொஞ்சம் ஊதிவிடுவார், அவ்வளவுதான். வலையில் ஒரு சுறா விழுந்தால் கரைக்கு வரும்போது அது இரண்டாகியிருக்கும். தேத்தண்ணிக் கடைக்கு வந்து சேரும்போது குட்டியும் போட்டிருக்கும். ஐம்பத்தெட்டு வயது, நாற்பது வருசக் கடல், அலையையும் மீறிக் கேட்கும் குரல். அந்தக் கடையின் முன்வாங்கில் அவர் உட்கார்ந்தால் தேத்தண்ணி ஆறிப்போவதை யாரும் கவனிப்பதில்லை.

ஊதியவற்றில் எல்லாம் பெரியது ஒட்டகமலை. மேற்கே, இங்கினியாகலைக்கும் அப்பால், இரண்டு திமிலோடு நீலமாகக் கிடக்கும் மலை அது. வரைபடத்தில் வேறு பெயர் இருக்கலாம். பாலமுனைத் தோணிக்காரருக்கு அது ஒட்டகமலை. கடலில் நின்று பார்க்கும்போது பெரிய திமிலுக்கு நேர் கீழே பள்ளிவாசல் மினாரா வந்து நின்றால், தோணிக்கு அடியில் மீன் மேயும் பார், கடலடிப் பாறைத்திட்டு, இருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரைப் பிடித்துத்தான் மீராசாஹிபு குடும்பம் நடத்தினார். அதில் ஊதல் இல்லை. ஆனால் பத்தொன்பது வயதில் அந்த மலை உச்சியில் ஏறி, அங்கிருந்து பாலமுனை மினாராவைக் கண்டு ஸலாம் சொன்னதாக ஒரு கதை வைத்திருந்தாரே, அங்கேதான் காற்று நிறைய.

அதைக் குத்தியவர் அவருடைய மனைவியின் தம்பி றிஸ்வான். சவளக்கடைப் பக்கம் நெல் வாங்கி விற்பவர். எதையும் நிறுத்துப் பார்க்காமல் நம்பமாட்டார்.

“மச்சான், கிட்டத்தட்ட அம்பது கிலோமீற்றர். அங்கரிந்து மினாராவக் காணுறதெண்டா ஒங்கட கண்ணு கண்ணா, கமராவா?”

“இஞ்சரிந்து நான் மலையக் காணுறனா இல்லையா? மறுகா மலையிலரிந்து இதயும் காணத்தானே வேணும்? இதென்ன ஒருவழிப் பாதையா?”

“மலை மலையளவு பெருசு. மினாரா ஊசி.”

“விடியச் சுபஹுத் தொழுகைக்கு முந்தி ஊசியில பச்ச லைற் எரியும்!”

கடை சிரித்தது. காசுப் பந்தயம் மார்க்கத்தில் ஹறாம் என்று இருவருக்கும் தெரியும். அதனால் காசு வைக்கவில்லை, வாயை வைத்தார்கள். மலையிலிருந்து மினாரா தெரியாவிட்டால் மீராசாஹிபு ஒரு வருசத்துக்கு அந்தக் கடையில் வாய் திறக்கக்கூடாது. தெரிந்தால் றிஸ்வான் திறக்கக்கூடாது. ஒரு வருசம்! மீராசாஹிபுவை ஒரு வருசம் பட்டினி போட்டிருந்தால்கூட அவர் அவ்வளவு வெளிறியிருக்கமாட்டார்.

வசதியாக ஒரு கூட்டமும் கிடைத்தது. அவருடைய மகள் மர்ஷூதா கல்முனையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். விடுமுறைக்கு விடுமுறை காடு மலை சுற்றும் ஓர் அணியில் இருந்தாள். ஒட்டகமலைக்கு ஓரிரவுப் பயணம் என்றதும் தாய் சல்மா உம்மா, “வாப்பா வந்தாத்தான் நீ போகலாம்” என்று கட்டளை போட்டார். வாப்பா வந்தார். சாட்சிக்கு றிஸ்வான் வந்தார். அவளுடைய அணியில் இருந்த பெரியநீலாவணை நிரோசன் பைனோகுலரும் கமராவும் கொண்டு முன்னால் வந்தான். மொத்தம் எட்டுப் பேர்.

மற்றவர்கள் முதுகில் பை. மீராசாஹிபுவின் தோளில் தோணிக் கயிறு, முழுச் சுருள்.

“மலையில நங்கூரம் போடப் போறீங்களா மச்சான்?” என்றார் றிஸ்வான்.

“வழி தெரிஞ்சவன் கயிறு கொண்டு வருவான். நீங்க பேசாம வாங்க. பேசாம இரிக்கிற பழக்கம் இனி ஒங்களுக்கு வேணும்.”

வாகனத்தை விட்டு இறங்கிய இடத்தோடு பாதை முடிந்தது. அதற்கப்பால் மாட்டுத் தடம்கூட இல்லை. இடுப்பளவு மானாப்புல், அதற்குள் கல், கல்லுக்குள் முள். நிரோசனின் போனில் வரைபடம் வெறும் பச்சையாக விரிந்து கிடந்தது. மீராசாஹிபு சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். “முதல் திமில்ல ஏறுற. அப்பிடியே மற்றத்துக்குத் தாண்டுற. தோணியில முன் அணியத்திலரிந்து பின் கடையாருக்கு நடக்கிற மாதிரி!” அட்டைகள் முழுக் கூட்டத்திலும் றிஸ்வானையே தேர்ந்தெடுத்துக் கடித்தன.

பின்னேரம், அஸர் தொழுகை நேரம், முதல் திமிலின் உச்சி. எல்லோரும் கடலைத் தேடினார்கள். கடல் இல்லை. எதிரே மதில் மாதிரி இரண்டாவது திமில் எழுந்து நின்றது. இரண்டுக்கும் நடுவே கீழே பார்த்தால் தலை சுற்றும் ஒரு பள்ளம்.

மர்ஷூதா மெல்ல வந்து பக்கத்தில் நின்றாள். “வாப்பா, உண்மையச் சொல்லுங்க. இதுக்கு முந்தி நீங்க இஞ்ச வந்திரிக்கீங்களா?”

அவர் திரும்பிப் பார்த்தார். றிஸ்வான் தூரத்தில் உப்புத் தடவி அட்டை கழற்றிக்கொண்டிருந்தார். “இல்ல மகள். கடல்ல நிண்டு பாத்தா ரெண்டும் ஒட்டித்தான் இரிக்கி. நடுவுல இப்பிடி ஒரு பள்ளம் கிடக்குமெண்டு ஆரு கண்ட?”

அவள் கோபிக்கப் போகிறாள் என்று நினைத்தார். அவளோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அப்ப ஒரு வருசம் மௌனம். உம்மா சந்தோசத்தில ஊருக்கே கந்தூரிச் சோறு குடுப்பா.”

“விளையாடாத புள்ள. இறங்கினா ஏறலாம்.”

இறங்கினார்கள். தோணிக் கயிற்றை ஒரு பாலைமரத்தில் கட்டி, எந்தப் புயலிலும் அவிழாத முடிச்சைப் போட்டு, ஒவ்வொருவராகப் பாறையில் விட்டார் மீராசாஹிபு. நங்கூரம் என்று கேலி செய்த றிஸ்வான்தான் அந்தக் கயிற்றை எல்லோரையும் விட இறுக்கிப் பிடித்திருந்தார். அடிக்கு வந்த பிறகும் விடவில்லை.

பள்ளத்தில் ஒரு நீரோடை. பொழுது பட்டுவிட்டது. ஓடையில் கை கால் கழுவி ஒழுச் செய்து மஃரிப் தொழுதார்கள். நிரோசன் சுள்ளி பொறுக்கி அடுப்பு மூட்டினான். சல்மா உம்மா கட்டிக்கொடுத்த புட்டும் கருவாட்டுப் பொரியலும் அந்தக் குளிரில் பெருநாள் சாப்பாடாக இருந்தது. இருட்டுக்குள் எதுவோ கத்தியது. “சிறுத்தை” என்றார் றிஸ்வான். “மரை” என்றாள் மர்ஷூதா.  மீராசாஹிபுவின் கணக்கெல்லாம் பச்சை லைற்றில் இருந்தது. விடிந்தால் பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார் அதை அணைத்துவிடுவார். அதற்கு முதல் உச்சியில் நிற்கவேண்டும்.

மூன்று மணிக்கு எல்லோரையும் எழுப்பினார். நெற்றி விளக்குகளோடு எட்டுப் பேரும் நனைந்த பாறையில் தொற்றினார்கள். கை வைத்த இடமெல்லாம் பாசி. வேர் கிடைத்தால் வேர், கொடி கிடைத்தால் கொடி. “ஏலா மச்சான், நான் இதில இருந்திட்டு வாறன்” என்று றிஸ்வான் அமர்ந்துவிட்டார். சாட்சி இல்லாமல் வென்று என்ன பிரயோசனம்? கடைசி ஐம்பது அடி மீராசாஹிபு தன் எதிராளியைத் தானே பின்னால் நின்று தள்ளி ஏற்றினார்.

உச்சியை மிதித்தபோது ஐந்து மணிக்குக் கொஞ்சம் குறைவு. சுற்றிலும் பால் மாதிரி முகில்.

“முகில் நல்லாத் தெரியுது” என்றார் றிஸ்வான், மூச்சு வாங்க.

அப்போது முதுகுப் பக்கம் காற்று கிளம்பியது. மீராசாஹிபுவுக்குத் தெரிந்த காற்று; விடியுமுன் கரையிலிருந்து கடலுக்கு ஓடும் காற்று. முகில் கிழிந்தது. கிழிந்த இடத்தில், கறுத்த வயலுக்கும் கறுத்த கடலுக்கும் நடுவே, அறுந்த தஸ்பஹ் மாலையின் மணிகள் மாதிரி கரையோரம் முழுக்க வெளிச்சம்! எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். மீராசாஹிபு கையை நீட்டினார். “அந்தா! பச்சப் புள்ளி! அதுதான்!”

நிரோசன் பைனோகுலரை வைத்தான். “ஓம் மீராசாஹிபு காக்கா, பச்சை ஒண்டு இரிக்கி!”

றிஸ்வான் அசையவில்லை. “பச்ச லைற் கரையில ஆயிரம் இரிக்கி. அது பாலமுனையெண்டு ஆரு சொன்ன?”

அதே கணத்தில் மர்ஷூதாவின் போன் டிங் என்றது. முந்திய நாளுக்குப் பிறகு முதன்முறையாக சிக்னல்! மீராசாஹிபு அதைப் பறித்து மோதினாரை அழைத்தார்.

“மோதினார்! நான் மீராசாஹிபு! மினாரா லைற்ற மூணு தரம் நூத்துப் பத்த வைங்க!”

“தலைக்குச் சொகமில்லையா? பாங்கு சொல்லப் போறன்.”

“அல்லாக்காக! மூணே மூணு தரம்!”

றிஸ்வான் நிரோசனிடமிருந்து பைனோகுலரை வாங்கிக் கண்ணில் வைத்தார். பச்சைப் புள்ளி அணைந்து நூந்தது. எரிந்தது. நூந்தது. எரிந்தது. மூன்றாவது முறை எரியும்போது மர்ஷூதா வாப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு துள்ளினாள். துண்டிக்க மறந்த போனுக்குள்ளிருந்து பாங்கு கேட்டது. றிஸ்வான் பைனோகுலரை இறக்கி, எதையோ சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

இத்துடன் மீராசாஹிபுவுக்கு வெற்றி என்று நினைக்கிறீர்களா?

கடையில் அவர் அந்தக் கதையைச் சொன்னார். வாழ்நாளில் முதன்முறையாக ஊதாமல் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. மோதினார் லைற்றை நூர்த்தது மெய்தான். ஆனால் இவர் மலையில் நின்றுதான் பேசினார் என்பதற்கு என்ன சாட்சி? நிரோசனின் படத்தில் இருட்டும் ஒரு புள்ளியும் மட்டும் இருந்தன. மகளும் அவளுடைய கூட்டமும் அவர் பக்கத்து ஆட்கள், அந்தச் சாட்சி செல்லாது என்றது கடை.

“றிஸ்வானிட்டக் கேளுங்க!” என்று மீராசாஹிபு மேசையில் அடித்தார்.

றிஸ்வான் தேத்தண்ணியை உறிஞ்சினார். ஒரு விரலை உதட்டில் வைத்தார். பந்தயம் என்றால் பந்தயம். ஐந்து நாள் அந்த மனுசன் அப்படியே, இளித்த முகத்தோடு, மரக்கட்டையாக உட்கார்ந்திருந்தார். கடைக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

ஆறாம் நாள் மீராசாஹிபு தன் காசில் ஒரு பால்தேத்தண்ணி வாங்கி அவர் முன்னால் வைத்தார். “பந்தயம் முடிஞ்சி மச்சான். கதையுங்க.”

றிஸ்வான் ஆறுதலாகக் குடித்தார். மீசையைத் துடைத்தார். கடை முழுக்கக் குனிந்து கேட்டது.

“கண்ட. அல்லாட ஆணையா என்ட கண்ணால கண்ட” என்றார். “லைற் மூணு தரம் நூந்து எரிஞ்ச. அதில சந்தேகமே இல்ல.” பிறகு கிளாசைத் தள்ளி வைத்துவிட்டு, முன்வாங்குக்கு நகர்ந்தார். “அது கிடக்கட்டும். பள்ளத்தில எங்களச் சுத்தி நிண்ட யானையப் பத்தி இவர் ஒண்டும் சொல்லல்லயா?”

யானையின் வாலைக்கூடக் காணாத மீராசாஹிபு, மச்சானை ஒரு கணம் பார்த்தார். பிறகு நகர்ந்து, வாங்கில் அவருக்கு இடம் விட்டார்.

“எத்தின யானை மச்சான்? நீங்களே சொல்லுங்க.”